அரபி பாஷா குற்றத்தை ஏற்றுக்கொண்ட நாள்

நம் பிள்ளைகளிடம் அரபி பாஷா யார் என்று கேட்டால் மூன்று விடயம் சொல்வார்கள்: எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர், சித்திலெப்பையோடு சேர்ந்து ஸாஹிராக் கல்லூரிக்குத் துணை நின்றவர், துருக்கித் தொப்பியை நமக்குப் பழக்கியவர். பரீட்சைக்கு அது போதும். அவர் ஏன் நாடு கடத்தப்பட்டார் என்று அடுத்த கேள்வி கேட்டால், வெள்ளைக்காரனை எதிர்த்ததால் என்று பதில் வரும். அதுவும் பிழையில்லை. ஆனால் அவரை இலங்கைக்கு அனுப்பியது ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. அந்த நீதிமன்றத்தில் பாஷா தன் வாயாலேயே குற்றத்தை ஏற்றுக்கொண்டார். இதைச் சொன்னால் பிள்ளைகள் மட்டுமல்ல, ஆசிரியர்களும் ஒரு கணம் திகைக்கிறார்கள்.

அஹ்மத் உராபி 1841இல் எகிப்தின் ஷர்கிய்யா மாகாணத்தில், ஸகாஸீக் நகருக்கு அருகேயுள்ள ஹரிய்யத் ரஸ்னா என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பன் ஊர்த் தலைவர். சிறு வயதில் சில காலம் அல்அஸ்ஹரில் ஓதினார். பதின்ம வயதில் இராணுவத்தில் சேர்ந்து, இருபது வயதளவில் லெப்டினன்ட் கேர்ணல் ஆனார். விவசாயி மகன் ஒருவனுக்கு அது பெரிய உயர்வு. அதன் பிறகு ஏணி நின்றுவிட்டது. மேல் பதவிகள் எல்லாம் துருக்கிய, செர்க்காசிய வம்சத்தாருக்கே போயின. நாடோ ஐரோப்பியக் கடன்காரர்களின் கையில் இருந்தது.

1881 பெப்ரவரியில் அவரையும் இன்னும் இரண்டு கேர்ணல்களையும் பிடித்து அடைத்தார்கள். படையினர் வந்து மீட்டார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 9இல் ஆப்தீன் மாளிகை முன் படையோடு நின்று, பாராளுமன்றமும் புதிய அமைச்சும் வேண்டும் என்று கெதீவ் தௌபீக்கிடம் நேருக்கு நேர் கேட்டார். 1882 பெப்ரவரியில் யுத்த அமைச்சரானார். ஜூன் 11இல் அலெக்சாந்திரியாவில் கலவரம். ஜூலை 11இல் பிரித்தானியக் கப்பல்கள் அந்நகரைக் குண்டு வீசித் தகர்த்தன. செப்டெம்பர் 13 விடியற்காலையில் தல்லுல் கபீர் போர்க்களத்தில் அவருடைய படை தோற்றது. கெய்ரோவில் பிரித்தானியத் தளபதியிடம் சரணடைந்தார். இதெல்லாம் வரலாற்றுப் புத்தகங்களில் விரிவாக இருக்கிறது. அடுத்து வந்த எண்பது நாட்களைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

கெதீவின் ஆட்கள் அவரைச் சீக்கிரமாக விசாரித்துத் தூக்கிலிட நினைத்தார்கள். ஒக்டோபர் தொடக்கத்தில் பிரித்தானியர் அவரைக் கெதீவின் அரசாங்கத்திடம் கையளித்தும் விட்டார்கள். குறுக்கே நின்றவர் வில்ஃபிரட் பிளண்ட் என்ற ஆங்கிலக் கவிஞர். எகிப்தியரின் கோரிக்கை நியாயமானது என்று நம்பிய மனிதர். பெரும்பகுதி தன் சொந்தப் பணத்தில் ஏ.எம். பிரோட்லி, மார்க் நேப்பியர் என்ற இரு வழக்கறிஞர்களைக் கெய்ரோவில் அமர்த்தினார். தூனிஸில் பிறந்த டேவிட் சாந்தில்லானா மொழிபெயர்ப்பாளராக அவர்களோடு சேர்ந்தார். பின்னாளில் இஸ்லாமிய மாலிகி சட்டத்தைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் இவர்தான்.

வெளிநாட்டு வழக்கறிஞர்களை அனுமதிப்பதா என்பதிலேயே முதல் இழுபறி. அனுமதி கிடைத்த பிறகு பிரோட்லி செய்தவற்றைக் கவனியுங்கள். கட்சிக்காரரைத் தனியாகச் சந்திக்க உரிமை கேட்டார். விசாரணை ஆணைக்குழு முன்கூட்டிப் பதிந்து வைத்திருந்த சாட்சியங்களைப் பார்க்கக் கேட்டார். எந்த நடைமுறைப்படி வழக்கு நடக்கும் என்பதை எழுத்தில் கேட்டார். சிறையிலிருந்த உராபியைத் தன் நினைவிலிருந்து முழு வரலாற்றையும் எழுத வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, பாஷாவின் வீட்டில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த காகிதங்களைத் தேடி எடுத்தார். அவற்றில் இஸ்தான்பூலில் சுல்தானின் அரண்மனையைச் சேர்ந்தவர்கள் உராபிக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன. யாருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தார் என்று குற்றஞ்சாட்டினார்களோ, அந்தச் சுல்தானின் ஆட்களே அவரை ஊக்குவித்த கடிதங்கள்!

வழக்கு தொடங்க முன்னரே வழக்கின் பாதி முடிந்துவிட்டது. முழு விசாரணை நடந்தால் அந்தக் கடிதங்கள் பகிரங்கமாக வாசிக்கப்படும். சுல்தானுக்கும் கெதீவுக்கும் அது சங்கடம். லண்டனுக்கும் நிம்மதி இல்லை. மறுபக்கம், பாஷாவின் தலைமேல் இருந்த குற்றச்சாட்டுகள் பயங்கரமானவை. வெள்ளைக் கொடியைக் காட்டி ஏமாற்றிப் படையைப் பின்வாங்கி அலெக்சாந்திரியாவை எரிக்கவும் கொள்ளையிடவும் விட்டார் என்பது ஒன்று. படுகொலையையும் உள்நாட்டுப் போரையும் தூண்டினார் என்பது இன்னொன்று. கிளர்ச்சி அவற்றோடு சேர்ந்த ஒன்று மட்டுமே.

நவம்பரில் கெய்ரோவுக்கு வந்த டஃபரின் பிரபு வழியாக ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. முடிவு இது: கிளர்ச்சி என்ற ஒரே குற்றத்தை உராபி ஏற்றுக்கொள்வார். கொலை, தீவைப்பு, வெள்ளைக் கொடி எல்லாம் கைவிடப்படும். மரண தண்டனை தீர்க்கப்படும். உடனேயே அது ஆயுட்கால நாடுகடத்தலாக மாற்றப்படும். சொத்துகள் போகும், பதவிகள் போகும், வாழ்க்கைச் செலவுக்கு ஒரு படி கிடைக்கும். இன்று சட்டம் படிப்பவர்கள் இதைக் குற்ற ஏற்புப் பேரம் என்பார்கள்.

1882 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. அவர் அடைக்கப்பட்டிருந்த கட்டடத்திலேயே, ரஊஃப் பாஷா தலைமையில் இராணுவ நீதிமன்றம் கூடியது. உராபி குற்றத்தை ஏற்றார். சில நிமிடம்தான். பிற்பகலில் மீண்டும் கூடி மரண தண்டனையை வாசித்தார்கள். கூடவே கெதீவின் ஆணையையும் வாசித்தார்கள். அடுத்த சில நாட்களில் மஹ்மூத் ஸாமி அல்பாரூதி முதலான இன்னும் ஆறு பேருக்கும் இதே வழியில் இதே தண்டனை.

உராபி பொய் சொன்னாரா? நான் அப்படி நினைக்கவில்லை. கெதீவின் கட்டளையை அவர் மீறியது உண்மை. அதை மறுக்க அவரால் முடியாது. மறுக்க அவர் விரும்பியிருக்கவும் மாட்டார். தான் செய்யாத கொலையையும் தீவைப்பையும் அவர் ஏற்கவில்லை. எதை ஏற்பது, எதை ஏற்காமல் விடுவது என்ற அந்தக் கோட்டைத்தான் வழக்கறிஞர்கள் பாடுபட்டு வரைந்தார்கள். இருந்தாலும் அதற்கு ஒரு விலை இருந்தது. சாட்சி எதுவும் பகிரங்கமாக விசாரிக்கப்படவில்லை. சுல்தானின் கடிதங்கள் அந்த மன்றத்தில் வாசிக்கப்படவில்லை. எகிப்து மக்கள் ஏன் எழுந்தார்கள் என்பதை உலகத்துக்குச் சொல்லக் கிடைத்த மேடை கைநழுவிப் போனது. இதைக் கோழைத்தனம் என்று அவருடைய நாட்டிலேயே பலர் பின்னர் பேசினார்கள். கழுத்தில் கயிறு இருந்தது அவருக்கு, பேசியவர்களுக்கு இல்லை.

இங்கே ஊவாக்காரன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 64 ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊவாவின் திசாவையாக இருந்த கெப்பெட்டிபொலவும் கிளர்ச்சிக்காகப் பிரித்தானியரின் இராணுவ நீதிமன்றம் ஒன்றின் முன் நின்றார். 1818 நவம்பர் 26இல் போகம்பரையில் அவருடைய தலை வெட்டப்பட்டது. அவருக்காகப் பணம் செலவழிக்க லண்டனில் ஒரு கவிஞர் இருக்கவில்லை.

டிசம்பர் 27இல் சூயஸில் மரியோட்டிஸ் என்ற கப்பல் புறப்பட்டது. அதற்கு ஆறு நாள் முன்னர், டிசம்பர் 21இல், சித்திலெப்பையின் முஸ்லிம் நேசன் முதல் இதழ் வெளிவந்திருந்தது. 1883 ஜனவரி 10 இரவு கப்பல் கொழும்பை அடைந்தது. மறுநாள் பாஷா கரையிறங்கும்போது நம் முன்னோர்கள் திரண்டு நின்றார்கள். அவர்கள் கண்ணுக்கு அவர் குற்றவாளியாகத் தெரியவில்லை. சித்திலெப்பையும் ஒரு சட்டத்தரணிதான். கண்டியில் தொழில் செய்தவர். குற்றத்தை ஏற்பது என்பது மனச்சாட்சியின் வாக்குமூலம் வேறு, வழக்கில் எடுக்கும் ஒரு நிலை வேறு என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1892இல் மருதானையில் மத்ரஸதுஸ் ஸாஹிரா தொடங்கியபோது பாஷா அதற்குப் புரவலராக நின்றார்.

பாஷா வந்திறங்கிய அதே 1883இல்தான் இலங்கைக்குத் தண்டனைச் சட்டக்கோவையும் (2ஆம் இலக்கம்) குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையும் (3ஆம் இலக்கம்) இயற்றப்பட்டன. ஆனால் அன்றைய பதுளைத் தோட்டங்களில் இருந்தவர்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் இன்னொரு சட்டம்: 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். முன்னறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போனால் சிறை. கோப்பிச் செடி நோயில் அழிந்து, துரைமார் சம்பளம் பாக்கி வைத்திருந்த காலம் அது. பசியில் ஓடியவனைப் பிடித்து வந்து ஓடினாயா என்று கேட்டால் ஆம் என்றுதான் சொல்வான். ஏன் ஓடினாய் என்பது அடுத்த கேள்வி. சம்பள பாக்கி ஒரு பதில். அந்தப் பதிலைச் சொல்லித் தர ஒரு பிரோட்லி இல்லாதவனுக்கு ஆம் என்ற சொல்லோடு வழக்கு முடிந்தது. 1920களின் தொடக்கத்தில்தான் இந்தச் சிறைத் தண்டனை ஒழிந்தது.

அந்த அவசர ஆம் இன்றைக்கும் ஒழியவில்லை. தோட்டத்துப் பெற்றோரிடமும் நகரத்து முச்சக்கரவண்டிக்காரர்களிடமும் நான் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: சேர், ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் பெயர் போகிறது, பஸ் காசு போகிறது, ஏற்றுக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம். சிறு விடயத்தில் உண்மையாகவே தவறு செய்திருந்தால் அது தப்பில்லை. ஆனால் அதன் பெயர் குற்றத்தீர்ப்பு. மகன் வெளிநாடு போகப் பொலிஸ் நற்சான்று எடுக்கும் நாளில் அது எழுந்து நிற்கும்.

நம் சட்டம் அவ்வளவு கல்நெஞ்சு கொண்டதல்ல. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை நடைமுறையில் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை வாசித்துக் காட்டிய பிறகே எதிரியிடம் பதில் கேட்க வேண்டும். நிபந்தனை எதுவுமில்லாத ஏற்பைத்தான் குற்ற ஏற்பாக எடுக்கலாம். செய்தேன், ஆனால் இப்படி நடந்தது என்று விளக்கம் சேர்ந்தால் அது முழு ஏற்பு ஆகாது. மேல் நீதிமன்றத்தில், தான் சொல்வதன் விளைவை எதிரி சரியாக விளங்கியிருக்கிறார் என்று நீதிபதி திருப்திப்பட வேண்டும். கொலைக் குற்றமென்றால் ஏற்பை வாங்க மறுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஏற்கெனவே விசாரித்து முடிந்த குற்றத்துக்கு மீண்டும் நிறுத்தினால், அதைச் சொல்லியே தடுக்கலாம். குற்றச்சாட்டு சட்டப்படி சரியாக வரையப்படவில்லை என்றால் பதில் சொல்லுமுன் ஆட்சேபிக்கலாம். 306ஆம் பிரிவின்கீழ், எதிரியின் நடத்தை, வயது போன்றவற்றைப் பார்த்துக் குற்றத்தீர்ப்பு இல்லாமலே விடுவிக்க நீதவானுக்கு வழி இருக்கிறது. ஊவாவில் நீதிமன்ற மொழி சிங்களம். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி தமிழில் பேசவும் மொழிபெயர்ப்புக் கேட்கவும் உரிமை உண்டு. கட்டணம் கட்ட முடியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு நம்மவர் எத்தனை பேர் விளக்கமறியலில் மாதக்கணக்கில் இருந்தார்கள் என்பதை நான் நினைவூட்டத் தேவையில்லை. வெளியே வந்தால் போதும் என்று களைத்துப்போன குடும்பங்கள் எதையும் ஏற்கத் தயாராக இருந்தன. களைப்பில் ஏற்பதும், பாஷா ஏற்றதும் ஒன்றல்ல. அவர் ஏற்க முன்னர் காகிதங்களைப் பார்த்திருந்தார், சாட்சியங்கள் என்ன சொல்கின்றன என்று அறிந்திருந்தார், என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டியே உறுதி செய்திருந்தார்.

அப்படி உறுதி செய்தும், ஆயுட்காலம் என்ற சொல் எவ்வளவு நீளமானது என்பது இலங்கையில்தான் அவருக்கு விளங்கியிருக்கும். கொழும்பின் புழுக்கம் ஒத்துக்கொள்ளாமல் 1892இல் கண்டிக்கு இடம் மாறினார். ஊர் திரும்ப மனு மேல் மனு எழுதினார். தோழர்களில் அப்துல் ஆல் ஹில்மி, மஹ்மூத் பஹ்மி, யஃகூப் ஸாமி மூவரும் இந்த மண்ணிலேயே மௌத்தானார்கள். கவிஞர் பாரூதி கண்பார்வை இழந்து திரும்பினார். பாஷாவுக்கு 1901இல் மன்னிப்புக் கிடைத்தது, 18 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு. அவர் போய் நான்கு ஆண்டில், 1905இல், சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றக் கூடாது என்று தடுக்கப்பட்டதும், அதற்காக முஸ்லிம்கள் மருதானையில் திரண்டதும் தனிக் கதை.

எகிப்து அவரை வரவேற்ற விதம் கசப்பானது. புதிய தலைமுறைத் தேசியவாதிகள் அவரைத் தோற்றுப்போனவராகப் பார்த்தார்கள். கவிஞர் அஹ்மத் ஷௌகி கேலிக் கவிதை எழுதினார். பாஷா உட்கார்ந்து தன் வரலாற்றை எழுதினார். 1882இல் நீதிமன்றத்தில் சொல்ல முடியாமல் போன தன் தரப்பை அதில் விரிவாகச் சொன்னார். 1911 செப்டெம்பர் 21இல் கெய்ரோவில் காலமானார். மன்னிப்பு அவரை ஊருக்குக் கொண்டு சேர்த்தது. தீர்ப்பு அப்படியே இருந்தது.