பியானோக் கட்டைகளும் ஆபிரகாம் பண்டிதரும்

பியானோ என்னும் மேனாட்டு இசைக்கருவியை நம் பகுதி இளைஞர்கள் தேவாலயத்திலோ திரைப்படத்திலோ கண்டிருப்பீர்கள். முழு அளவுள்ள பியானோ ஒன்றில் 88 கட்டைகள் உண்டு. வெள்ளைக் கட்டைகள் 52, கறுப்புக் கட்டைகள் 36. எண்ணிக்கையைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. ஒரு 'ச'வில் தொடங்கி அடுத்த 'ச'வை எட்டுவதற்குள் 12 கட்டைகளே வருகின்றன. அவையே மேலும் கீழும் திரும்பத் திரும்ப அமைந்து எண்பத்தெட்டாகப் பெருகியுள்ளன. ஆர்மோனியப் பெட்டியிலும், திருமண மேடைகளில் வாசிக்கப்படும் கீபோர்டிலும் இதே பன்னிரண்டுதான். ஏன் பன்னிரண்டு? பத்தாகவோ பதினைந்தாகவோ ஏன் இல்லை? இக்கேள்வியைத் தமிழில் எழுப்பி, அதற்கு விடை காணத் தம் உழைப்பையும் செல்வத்தையும் வாரி இறைத்த பெருமகனார் தஞ்சை ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர் ஆவார்.

பண்டிதர் அவர்கள் 2-8-1859 அன்று தென்காசிப் பகுதியில் உள்ள சாம்பவர் வடகரை என்னும் ஊரில் முத்துசாமி நாடாருக்கும் அன்னம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். அந்த நாளின் தன்மையை நம் இளைஞர் அறிந்துகொள்வது நன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் திருவிதாங்கூர் அரசில், நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தலாம் என்று மன்னர் ஆணை பிறப்பித்தது 26-7-1859 அன்று. அதாவது, பண்டிதர் பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பு! அந்த உரிமையையும் நெடிய போராட்டத்திற்குப் பின்னரே, அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடே பெற்றார்கள். இப்பால் தமிழகத்திலும் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக அச்சமூகத்தார் நீதிமன்றம் ஏறி, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்காடி, 1908இல் தோற்றனர். பண்டிதர் நம் சமுதாயத்தில் பிறந்தவரல்லர். ஆயினும், கோயில் வாயிலில் நிறுத்தப்பட்டவர்கள் எப்படி அறிவின் வாயிலைத் திறந்து உள்ளே சென்றார்கள் என்று அறிய விரும்பும் எவரும் அவர் வாழ்க்கையைப் படித்தே ஆகவேண்டும்.

திறவுகோலாக அமைந்தது ஆசிரியப் பயிற்சிதான். திண்டுக்கல்லில் இருந்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து தேறி, அவ்வூரிலேயே பணியாற்றினார். பிடில் வாசிக்கக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். சித்த மருத்துவ நூல்களில் ஈடுபாடு கொண்டு மூலிகை தேடிச் சுருளி மலைக்குச் சென்றபோது, கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டு அவரையே குருவாக ஏற்றார். கிறித்தவரான இளைஞர் ஒருவர், மலையில் வாழ்ந்த துறவி ஒருவரிடம் மருத்துவம் கற்று, பின்னாளில் தம் மருந்துகளுக்கும் தோட்டத்திற்கும் இசை நூலுக்கும் அக்குருவின் பெயரையே சூட்டினார். சமயம் அவருக்கு வேலியாக அமையவில்லை.

மணம் முடித்தபின் மனைவி பொன்னம்மாளுடன் தஞ்சைக்கு வந்தார். இருவரும் அங்கிருந்த பெண்கள் பள்ளியில் ஆசிரியர்களாயினர். கணவனும் மனைவியும் ஒரே பள்ளியில் கற்பிப்பது அக்காலத்தில் அரிய காட்சி. பின்னர்ப் பள்ளிப் பணியை விட்டு முழுநேர மருத்துவரானார். கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் நாடெங்கும் விலைபோயின. தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கிக் கருணானந்தபுரம் என்னும் பெரும் தோட்டத்தை அமைத்தார். பண்டிதர் தோட்டம் என்றே மக்கள் அதை அழைத்தனர். 1909இல் அரசு ராவ் சாகிப் பட்டம் அளித்தது. மருந்து விற்ற காசில் மாளிகை கட்டி அமர்ந்திருந்தால் இன்று அவரைப் பற்றி எழுத யாருக்கும் ஒன்றும் இருந்திராது.

இங்கு ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. அதே காலத்தில் சென்னையில் மற்றொரு பண்டிதர் வாழ்ந்தார். அவரும் சித்த மருத்துவர். அவரும் பழந்தமிழ் நூல்களைப் பிறர் சொன்னபடி ஏற்காமல் தாமே திறந்து படித்தவர். நம் குலவிளக்காகிய அயோத்திதாசப் பண்டிதரையே (1845–1914) குறிப்பிடுகிறேன். 1907இல் அவர் தம் வார இதழைத் தொடங்கினார். அதே 1907இல் தஞ்சைப் பண்டிதர் இசை பயிலும் சிறுவர்க்கெனத் தாமே இயற்றிய கீர்த்தனைகளை 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்ற பெயரில் சுரக்குறிப்புடன் வெளியிட்டார். ஒருவர் வரலாற்றையும் மற்றவர் இசையையும் கேள்விக்கு உட்படுத்தினர்.

மேனாட்டு இசை தஞ்சைக்குப் புதியதன்று. சரபோஜி மன்னர் காலத்திலேயே அரண்மனையில் மேனாட்டு வாத்தியக் குழு இருந்தது. சரசுவதி மகால் நூலகத்தில் மேனாட்டு இசைச்சுவடிகள் சேர்ந்தன. நமக்கும் அது புதியதன்று. தண்டையார்பேட்டைக்கு வடமேற்கே உள்ள மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்த முத்துசாமி தீட்சிதர், ஜார்ஜ் கோட்டை பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் பாடல் புனைந்தார். அவர் தம்பி பாலுசாமி கோட்டையில் பிடில் கற்றார். கோட்டையின் இசை மணலிக்கு வந்த வழியில்தான் நம் ஊர் இருந்தது. ஆனால் அந்நாளில் அதைக் கற்க நம்மை எவரும் அழைக்கவில்லை. பிற்காலத்தில் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் நம்மவர் கைக்கு வந்து, திருமணத்திற்கும் இறுதி ஊர்வலத்திற்கும் பாண்டு வாசிக்கும் திறன் பெற்றவர்கள் வடசென்னைத் தெருக்களில் தோன்றினர். வாசிக்கத் தெரிந்த அவர்களிடம் அந்தச் சுரங்களின் கணக்கை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதே என் வருத்தம்.

பண்டிதர் கருநாடக இசையோடு மேனாட்டு இசையையும் முறையாகக் கற்றார். அவ்விசையின் பெரும்புலவர்கள் சிலரை நம் இளைஞர் பெயரளவிலேனும் அறிதல் வேண்டும். பியானோ, இத்தாலி நாட்டு கிறிஸ்டோபோரி என்னும் கைவினைஞர் 1700ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய கருவி. அதற்கு முந்திய விசைக்கருவியில் கட்டையை எவ்வளவு வன்மையாக அழுத்தினாலும் ஒலி ஒரே அளவாகவே எழும். கிறிஸ்டோபோரி, தந்தியைச் சுத்தியல் அடித்து மீளுமாறு செய்து, விரலின் மென்மையும் வன்மையும் ஒலியில் தெரியுமாறு அமைத்தார். ஜெர்மனியில் பாக் (1685–1750) 1722இல் ஒரு நூலைத் தொகுத்தார். பன்னிரண்டு சுரங்களில் எதை ஆதாரமாகக் கொண்டாலும் இசை இனிமையாகவே ஒலிக்கும் என்பதை மெய்ப்பிக்க, ஒவ்வொன்றுக்கும் இரு வகையாக 24 இணை உருப்படிகளை அதில் அமைத்தார். ஹைடன், வண்டிச்சக்கரம் செய்யும் தொழிலாளியின் மகன். பிரபு ஒருவரின் மாளிகையில் பணியாளர் சீருடை அணிந்துகொண்டே உலகம் போற்றும் இசையை எழுதினார். மொசார்ட் 35 வயதில் மறைந்தார். பியானோவுக்கென 32 சொனாட்டாக்களை எழுதிய பேத்தோவன், முப்பது வயதை எட்டும் முன்பே செவிப்புலன் குன்றத் தொடங்கி, இறுதியில் தம் இசையைத் தாமே கேட்க இயலாத நிலையில் எழுதிக்கொண்டிருந்தார். நம் பண்டிதர் வாழ்ந்த நாளிலேயே, மேற்கு ஆப்பிரிக்கரின் மகனாக இங்கிலாந்தில் பிறந்த கோல்ரிட்ஜ் டெய்லர் (1875–1912), ஆப்பிரிக்க, அமெரிக்கக் கறுப்பின மக்களின் மெட்டுகள் 24ஐப் பியானோவுக்கு அமைத்து 1905இல் வெளியிட்டார். ஒடுக்கப்பட்டோர் பாட்டு, கச்சேரி மண்டபத்தின் கருவிக்கு வந்து சேர்ந்தது அவ்வாறு.

இனிப் பன்னிரண்டின் கணக்கிற்கு வருவோம். பள்ளிக் கணக்குத் தெரிந்தவர்க்கு இது கடினமன்று. ஒரு தந்தியைப் பாதியாக்கி மீட்டினால் மேல் 'ச' பிறக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கி மீட்டினால் 'ப' பிறக்கும். அந்தப் 'ப'வையே புதிய 'ச'வாகக் கொண்டு மறுபடி அதன் 'ப'வைக் காண்க. இவ்வாறு பன்னிரண்டு முறை சென்றால் ஏறத்தாழப் புறப்பட்ட 'ச'வுக்கே வந்து சேர்வோம். இடையில் கிடைத்தவை பன்னிரண்டு சுரங்கள். ஆனால் சிக்கல், 'ஏறத்தாழ' என்ற சொல்லில்தான் இருக்கிறது. ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75 அளவில் வரும். இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. இரண்டும் ஒன்றாக வேண்டும், ஆகவில்லை. இந்தச் சிறு மிச்சத்தைப் பன்னிரண்டு இடங்களுக்கும் சமமாகப் பங்கிட்டு, ஒவ்வொரு 'ப'வையும் மயிரிழை குறைத்துச் சுருதி கூட்டுவதே பியானோவின் முறை. அப்போது அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையே உள்ள விகிதம் எங்கும் ஒன்றே, ஏறத்தாழ 1.0595. அதைப் பன்னிரண்டு முறை தன்னாலேயே பெருக்கினால் 2 கிடைக்கும்.

பண்டிதரின் துணிவு இங்கேதான் வெளிப்பட்டது. ஒரு தாயியில் சுருதிகள் 22 என்பது சாரங்கதேவரின் வடமொழி நூலிலும் காணப்படும், வழிவழி வந்த கொள்கை. வித்துவான்கள் அதை வேதவாக்காகக் கொண்டிருந்தனர். 22ஐ 12 சுரங்களுக்குச் சமமாகப் பங்கிட முடியாதே, ஒன்றுக்கு ஒன்று குறைந்தும் கூடியும் நின்றால் எந்தச் சுரத்தையும் ஆதாரமாக வைத்துப் பாடுவது எங்ஙனம் என்று அவர் வினவினார். விடை தேடிச் சிலப்பதிகாரத்திற்குச் சென்றார். உ. வே. சாமிநாதையர் 1892இல் அந்நூலை அச்சேற்றியிருந்தார். ஏட்டுச்சுவடியாக ஒருசிலர் வீட்டில் முடங்கியிருந்தது படிப்பறிந்த எவரும் வாங்கக்கூடிய நூலாகியிருந்தது. அச்சுக்கலை நம்போன்றோர்க்குச் செய்த நன்மை பெரிது. அதில் ஆய்ச்சியர் குரவை என்னும் பகுதியில், ஆயர்குலப் பெண்கள் எழுவர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு சுரங்களின் பெயரைத் தாங்கி வட்டமாக நின்று ஆடுகின்றனர். மாடு மேய்ப்போர் குடிப் பெண்களின் ஆட்டத்தில் இசை இலக்கணம் பொதிந்திருக்கக் கண்ட பண்டிதர், பழந்தமிழர் ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 எனச் சமமாகவே பகுத்தனர் என்று நிறுவ முற்பட்டார். அவர் கருத்துப்படி பியானோவின் பன்னிரண்டு கட்டைகள் ஆயப்பாலையின் பன்னிரண்டே. கருவி மேனாட்டது, கணக்கு நம்முடையது.

வீட்டில் எழுதி வைத்துக்கொண்டு அவர் அமைதியடையவில்லை. 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்னும் அமைப்பை நிறுவி, வித்துவான்களை வரவழைத்துத் தஞ்சையில் மாநாடுகளைத் தம் சொந்தச் செலவிலேயே கூட்டினார். மறுப்போரையும் அழைத்தார். 1916இல் பரோடா நகரில் அகில இந்திய இசை மாநாடு கூடியபோது தம் வீட்டுப் பெண்களையும் உடன் அழைத்துச் சென்று, தாம் சொல்லும் சுருதிகளை வீணையில் வாசித்துக் காட்டச் செய்தார். அவையோர் அனைவரும் அவர் கணக்கை ஏற்றுக்கொண்டனர் என்று கூற இயலாது. ஆனால் இந்திய நாட்டு இசைவாணர் நடுவே ஒரு தமிழ் மருத்துவர் எழுந்து நின்று எண்களால் வழக்காடினார்.

அந்தப் பரோடாவை நாம் வேறு காரணத்தால் அறிவோம். அம்மாநாடு கூடிய நாளில் அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையில் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தார். 1917இல் அதே பரோடாவுக்குப் பணியேற்க வந்தபோது தங்க ஓர் அறை கிடைக்காமல் விரட்டப்பட்டார். கலையையும் கல்வியையும் போற்றிய அரசின் தலைநகரிலும் தீண்டாமை தெருவில் நின்றது. அண்ணல் தம் பிற்காலத்தில் வயலின் பயின்றார் என்ற செய்தியை நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்?

1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களைக் கடந்த அப்பெருநூலைப் பண்டிதர் தாம் நிறுவிய அச்சகத்திலேயே அச்சிட்டார். தசமப் புள்ளிகளோடு பக்கம் பக்கமாக நீளும் அட்டவணைகளைப் பார்க்கும்போது, எழுத்துக் கோத்த தொழிலாளரின் பொறுமையையும் வியக்கத் தோன்றுகிறது.

அவர் சொன்னவை யாவும் நிலைபெற்று விட்டனவா எனின், இல்லை. 1947இல் வெளியான 'யாழ் நூல்' என்னும் ஆராய்ச்சி நூலில் விபுலானந்த அடிகள் 22 சுருதிக் கொள்கையையே ஏற்றார். கமகத்தோடு பாடும் பாடகரின் குரல் சமமான கட்டைகளுக்குள் அடங்குவதில்லை என்பதும் மெய்யே. இக்காரணம் காட்டித்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி, 1971 வரை அத்தடையை நீட்டித்தது. எனினும், சுருதிக் கணக்கு பிறப்பால் சிலருக்கே விளங்கும் மறைபொருள் என்ற எண்ணத்தைப் பண்டிதர் உடைத்துவிட்டார். கணக்கைத் தாளில் எழுதிவிட்டால் அதில் எவரும் பிழை காணலாம்; எவரும் பிழை காணலாம் எனில், அது எவருடைய தனிச்சொத்தும் அன்று. அவரை மறுத்தவர்களும் அதற்குப்பின் எண்களைக் கொண்டே மறுக்க வேண்டியதாயிற்று.

பண்டிதர் 31-8-1919 அன்று தஞ்சையில் காலமானார். அவர் உடல் கருணானந்தபுரம் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவர் மகன் வரகுண பாண்டியன் பழங்காலப் பாணர்களின் யாழை ஆராய்ந்து நூல் எழுதினார். இராகங்களைப் பற்றிப் பண்டிதர் எழுதிவைத்துச் சென்ற கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் புத்தகம், பரோடாவுக்கு அவரோடு சென்ற மகள் மரகதவல்லியின் முயற்சியால் 1946இல் அச்சாகி வெளிவந்தது.