கல்லைச் சீமெந்தாக்கிய காலம்

கீரிமலைக் கேணியில் நீராடிவிட்டுக் காங்கேசன்துறைப் பக்கம் போயிருக்கிறீர்களா, வாசகரே? சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பெரும் பள்ளங்களைக் கண்டிருப்பீர்கள். அந்தக் கல்லோடு ஜி. ஜி. பொன்னம்பலத்தின் பெயரும் சேர்ந்தே பேசப்படும்.

1901இல் பிறந்தவர். நமது சம்பத்திரிசியார் கல்லூரியிலும் கொழும்பு சூசையப்பர் கல்லூரியிலும் படித்தார். கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் கற்றுச் சட்டத்தரணியானார். 1944இல் தமிழ்க் காங்கிரஸைத் தொடக்கினார். ஐம்பதுக்கு ஐம்பது கேட்டு வாதாடிய அவரே 1948இல் டி. எஸ். சேனநாயக்காவின் அரசில் கைத்தொழில் அமைச்சரானார்.

படித்த பிள்ளைக்கு எழுதுவினைஞர் வேலை, அதற்குக் கொழும்பு ரயில் என்றிருந்த குடாநாடு இது. அவருடைய காலத்தில், 1950இல், அரசாங்கப் பணத்தில் எழுந்த காங்கேசன்துறைத் தொழிற்சாலை சீமெந்து தரத் தொடங்கியது. கல் இந்த மண்ணினுடையது. களிமண் முருங்கனிலிருந்து வந்தது. வேலையும் சம்பளமும் வீட்டு வாசலுக்கே வந்தன.

விலை இல்லாமலா? மலையகத் தமிழர் குடியுரிமை இழந்த வேளையில் அவர் அரசோடு நின்றார். 1949இல் செல்வநாயகம் பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடக்கினார். அந்தக் கேள்வியைத் தொழிற்சாலையைக் காட்டி மறைக்க முடியாதென்றே எண்ணுகிறேன்.

1953இல் செலவைக் குறைக்க அரசு பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. ஓகஸ்டில் ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி விலகினார். அடுத்து வந்த கொத்தலாவலையின் அரசில் பொன்னம்பலத்துக்கு இடம் நிலைக்கவில்லை.

1977இல் அவர் மறைந்தார். 1990இல் போர் தொழிற்சாலையை மூடியது. அங்கே சம்பளம் வாங்கிய குடும்பங்களும் ஊர்விட்டு ஊர் போயின.