சுறாவின் பல்லும் ஆயரின் சிலுவையும்
அருளாளர் நிக்கலஸ் ஸ்தேனோவின் வாழ்வு

அன்பான வாசகரே, உங்கள் நாவின் நுனியைக் கன்னத்தின் உட்புறத்தில், மேல் வரிசையின் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு நேரே சற்று வைத்துப் பாருங்கள். சிறு பருவைப் போல ஒன்று தட்டுப்படும். காதுக்கு முன்னே உள்ள சுரப்பியில் ஊறும் உமிழ்நீர் வாய்க்குள் வந்து சேர்வது அந்த வழியாலேதான். புளியங்காயைக் கண்டவுடன் உங்கள் வாய் ஊறுகிறதே, அப்போதும் அந்த வாய்க்கால் வேலை செய்கிறது. வைத்திய மாணவர்கள் அதனை ஸ்தேனோவின் கான் என்று படிக்கிறார்கள்.

புவிச்சரிதவியல் படிக்கும் மாணவரிடம் கேளுங்கள். பாறைப் படைகளில் அடியிலுள்ளதே மூத்தது, மேலுள்ளது இளையது என்னும் விதியை வகுத்தவர் ஸ்தேனோ என்பார். பளிங்குகளை ஆராய்பவரும் ஸ்தேனோவின் விதி என்று ஒன்றைச் சொல்வார். திருச்சபையோ டிசெம்பர் 5ஆம் நாளில் ஸ்தேனோ என்னும் ஆயரை அருளாளராக நினைவுகூருகிறது. இவர்கள் நால்வர் அல்லர், ஒரே மனிதர். நாற்பத்தெட்டு ஆண்டுகளே வாழ்ந்த அம்மனிதரின் கதையை இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பொற்கொல்லரின் மகன்

டென்மார்க்கில் அக்காலம் வழங்கிய நாட்காட்டியின்படி 1638ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் கொப்பன்ஹேகன் நகரில் நீல்ஸ் ஸ்தேன்சன் பிறந்தார். ஸ்தேனோ என்பது கற்றோர் மொழியான இலத்தீனில் வழங்கிய பெயர். தந்தையார் அரசருக்கு வேலை செய்த பொற்கொல்லர். குடும்பம் லூத்தரன் சபையைச் சேர்ந்தது, பக்தியுள்ள குடும்பம்.

மூன்று வயது தொடக்கம் ஆறு வயது வரை நீல்ஸ் நோயாளிப் பிள்ளை. ஓடி விளையாட வேண்டிய வயதில் வீட்டுக்குள்ளே பெரியவர்களின் நடுவில் இருந்து அவர்களுடைய பேச்சைக் கேட்டே வளர்ந்தார். நோய் நீங்கிய காலத்தில் தந்தையார் இறந்தார். தாயார் மறுமணம் செய்தார். அந்தக் கணவரும் பொற்கொல்லரே. 1654இலும் 1655இலும் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது அவர் படித்த பாடசாலையில் மட்டும் 240 மாணவர் மாண்டனர் என்பர். 1656இல் பல்கலைக்கழகம் புகுந்தார். இரண்டு ஆண்டுகள் செல்லுமுன் சுவீடன் படைகள் நகரை முற்றுகையிட்டன. மாணவர்களும் மதில் காக்க நேர்ந்தது.

அந்த முற்றுகைக் காலத்தில், 1659இல், அவர் எழுதிவைத்த குறிப்பேடு இன்றும் இருக்கிறது. அதற்குக் குழப்பம் என்ற பொருளில் தலைப்பிட்டிருந்தார். வைத்தியம், வானியல், ஒளியியல், கணிதம், பனித்துகள்களின் வடிவம் என்று கைக்கு எட்டிய நூல்களிலிருந்தெல்லாம் குறிப்பெடுத்திருந்தார். பலவற்றின் பின்னே ஒரே வேளையில் ஓடும் தம் மனத்தை அதிலேயே கண்டித்தும் எழுதினார். பல துறைகளில் புகழ் பெற்ற அறிஞர் தம் இளமையில் தமக்கே இட்ட கட்டளை இது: ஒரு வேளையில் ஒன்று, அதனை அவசரப்படாமல் என்பது.

ஆட்டுத் தலையில் கிடைத்த பெயர்

1660இல் மேற்படிப்புக்காக ஒல்லாந்துக்குச் சென்றார். அம்ஸ்ரடாமில் ஆசிரியர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தபோது ஆட்டுத் தலை ஒன்றை வாங்கி வந்து தனியே அறுத்துப் பார்த்தார். நரம்பும் குழாயும் எங்கே போகின்றன என்று மெல்லிய கம்பியைச் செலுத்திப் பார்த்த வேளையில், கம்பி கன்னத்தினூடே சென்று பல்லில் முட்டி ஓசையிட்டது. யாரும் விவரித்திராத உமிழ்நீர்க் கான் அது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

கண்டுபிடிப்பு ஒன்று, உரிமை கோரியவர் இருவர். அந்த ஆசிரியரே அது தமது என்று வாதாடினார். ஸ்தேனோ ஏச்சுக்கு ஏச்சு என்று நிற்கவில்லை. லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய், கண்ணீர்ச் சுரப்பிகள் முதலாக மற்றைய சுரப்பிகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து காட்டினார். அந்த ஆராய்ச்சியின் நிறைவே வழக்குக்குத் தீர்ப்பாயிற்று.

அடுத்து இருதயத்தை எடுத்தார். அந்நாளில் இருதயத்தை உடலின் வெப்பத்துக்கு உலை என்றும் உயிரின் சிங்காசனம் என்றும் கற்றவர்களே கருதினர். ஸ்தேனோ அதன் நார்களைப் பிரித்து, காலிலும் கையிலும் உள்ள தசை நார்களோடு ஒப்பிட்டார். இருதயமும் ஒரு தசையே. அதற்குக் குறைவுமில்லை, கூடுதலுமில்லை என்று கண்டார். தசை சுருங்கும்போது உள்ளே எதுவும் புகுந்து ஊதுவதில்லை என்று கேத்திரகணிதத்தின் துணையோடு பிற்பாடு விளக்கினார். அக்கருத்தை நெடுங்காலம் அறிஞர்கள் தள்ளி வைத்தனர். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் அவருடைய தசை வடிவத்துக்கு உரிய மதிப்புக் கிடைத்தது.

1665இல் பாரிஸ் நகரில் அறிஞர் கூட்டமொன்றின் முன் மூளையைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டார். வாசகரே, அந்தச் சபையைச் சற்று நினைத்துப் பாருங்கள். புகழ்பெற்ற இளைஞர், கேட்கக் காத்திருப்போர் நகரத்தின் மேதைகள். அவர் தொடங்கியதோ, மூளையைப் பற்றித் தாம் ஒன்றும் அறியார் என்ற ஒப்புதலோடு. பின்னர், மூளையின் நடுவே உள்ள சிறு சுரப்பி அசைந்து அசைந்து உடலை ஆட்டுவிக்கிறது என்று பெரும் மெய்யியலாளர் தெக்கார்த்து எழுதிவைத்திருந்ததை எடுத்து, அச்சுரப்பி அப்படி அசைய இடமே இல்லை என்று காட்டினார். அறியாததை அறியேன் என்றதும், அறிந்தவர் போல எழுதப்பட்டதைச் சோதித்ததும் ஒரே உரையில் நிகழ்ந்தன.

கல்லாகிப்போன நாக்குகள்

1666இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரை அடைந்தார். தொஸ்கானாவின் பெருங்கோமகன் இரண்டாம் பெர்டினாண்ட் அவரை ஆதரித்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் லிவோர்னோ நகருக்கு அண்மையில் மீனவர்கள் மிகப் பெரிய சுறா ஒன்றைப் பிடித்தனர். அதன் தலை புளோரன்சுக்கு அனுப்பப்பட்டு ஸ்தேனோவின் கைக்கு வந்தது.

சுறாவின் பற்களைக் கண்டதும் அவருக்கு வேறொரு பொருள் நினைவுக்கு வந்தது. மால்ற்றாத் தீவிலும் பிற இடங்களிலும் பாறைகளுக்குள்ளே முக்கோண வடிவான கற்கள் கிடைப்பதுண்டு. நாக்குக் கற்கள் என்பது அவற்றின் பெயர். புனித சின்னப்பர் கப்பற்சேதத்தில் மால்ற்றாவில் கரையேறியதையும், விரியன் ஒன்று அவர் கையைக் கவ்வியதையும் அப்போஸ்தலர் பணியில் வாசித்திருப்பீர்கள். அவர் அத்தீவின் பாம்புகளைச் சபித்தார், அவற்றின் நாக்குகளே கல்லாகிக் கிடக்கின்றன என்று மக்கள் கதை கட்டியிருந்தனர். அந்தப் பகுதி வேதாகமத்தில் இல்லை. அக்கற்களை நஞ்சுக்கு மருந்தென்று விலைகொடுத்து வாங்கியோரும் பலர்.

ஸ்தேனோ கல்லையும் பல்லையும் அருகருகே வைத்தார். இவை சுறாப் பற்களே என்று கண்டார். இதனை முதலில் சொன்னவர் அவரல்லர். இத்தாலியரான பாபியோ கொலொன்னா 1616இலேயே சொல்லியிருந்தார். ஸ்தேனோவின் சிறப்பு, அங்கே நில்லாமல் அடுத்த கேள்வியைக் கேட்டதில் இருக்கிறது. கடலில் இருக்க வேண்டிய பல், மலையிலுள்ள பாறைக்குள் எப்படிப் புகுந்தது? ஒரு திண்பொருள் இன்னொரு திண்பொருளுக்குள் இருக்குமானால், அவற்றில் முந்தியது எது?

தொஸ்கானாவின் குன்றுகளிலும் கற்சுரங்கங்களிலும் ஏறி இறங்கி விடை தேடினார். 1669இல் வெளிவந்த அவருடைய சிறு நூல் அந்த விடையைத் தந்தது. நீரில் கரைந்தும் கலங்கியும் வந்த மண் அடியில் படிகிறது. ஆகவே படைகள் ஆதியில் கிடையாகவே அமைகின்றன. கீழ்ப்படை இறுகிய பின்பே மேற்படை அமைகிறது. சாய்ந்தும் முறிந்தும் நிற்கும் படைகள் பின்னர் நிகழ்ந்த குழப்பத்தின் சான்றுகள். அதே நூலில் பளிங்கைப் பற்றியும் எழுதினார்: முகங்கள் சிறுத்தாலும் பெருத்தாலும் அவற்றுக்கிடையே உள்ள கோணம் மாறுவதில்லை. யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டும்போது சுண்ணாம்புக்கல்லில் சிப்பியின் அச்சைக் கண்டவர்கள் நம்மிடையே உண்டு. அந்த அச்சைப் படிக்கக் கற்பித்தவர் இவர்.

அவரும் தம் காலத்தின் பிள்ளையே. பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகள் என்றே எண்ணினார். இன்று நாம் அறிவது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள். ஆயினும் அந்த நீண்ட கணக்கைத் தொடங்குவதற்கு வேண்டிய முதற்படிகளில் ஒன்று அவர் தந்த விதி.

கத்தியை வைத்த கை

இத்தாலிக்கு வந்த ஆண்டிலே லிவோர்னோ வீதியில் தேவநற்கருணைப் பவனி ஒன்றை ஸ்தேனோ கண்டார். அது அவர் மனத்தை விட்டு அகலவில்லை. புளோரன்சில் மருந்து வாங்கச் செல்லும் கன்னியர் மடத்தில், மருந்தகத்துக்குப் பொறுப்பாயிருந்த சகோதரி மரியா பிளாவியா அவரோடு விசுவாசத்தைப் பற்றிப் பேசுவார். உடலை ஆராய்ந்த அதே பொறுமையோடு பழைய சுவடிகளையும் திருச்சபைப் பிதாக்களின் நூல்களையும் ஆராய்ந்து, 1667 நவம்பரில் கத்தோலிக்கரானார்.

1672இல் டென்மார்க் அரசர் அவரை அழைத்தார். தாய்நாட்டில் இரண்டு ஆண்டுகள் உடற்கூறு கற்பித்தார். ஆனால் மதத்தின் பொருட்டு எழுந்த இடர்ப்பாடுகளால் மீண்டும் புளோரன்ஸ் திரும்பினார். 1675இல் குருவானார். 1677இல் கர்தினால் கிரகோரியோ பார்பரிகோவின் கரத்தால் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, வட நாடுகளில் சிதறிக் கிடந்த சிறு மந்தைக்குப் பாப்பரசரின் பிரதிநிதியாக ஹனோவருக்கு அனுப்பப்பட்டார். ஆராய்ச்சி அதனோடு நின்றுபோயிற்று.

இங்கே ஒன்றை மறையாது சொல்லவேண்டும். 1669ஆம் ஆண்டு நூல் ஒரு பெரிய நூலுக்கு முன்னோடி என்றே வெளிவந்தது. அந்தப் பெரிய நூல் எழுதப்படவேயில்லை. ஹனோவரில் அவரோடு பழகிய மேதை லைப்னிற்ஸ், சிறந்த விஞ்ஞானி ஒருவர் சாதாரண இறையியலாளராகி விட்டாரே என்று வருந்தினார். அந்த வருத்தத்தில் உண்மை உண்டு. விஞ்ஞானம் இழந்தது சிறிதன்று. ஆயினும் அவர் கையிலிருந்து கத்தியை யாரும் பறிக்கவில்லை. தாமே வைத்தார். தேடலின் முடிவில் தமக்குக் கிடைத்ததைப் பிறருக்குக் கொடுக்கவேண்டும் என்று அவர் மனம் சொல்லிற்று.

கொடுத்த விதத்தைப் பாருங்கள். 1680இல் மூன்ஸ்ரர் நகரின் துணை ஆயரானார். 1683இல் அங்கே புதிய ஆயரைத் தெரிவு செய்தபோது அதில் பணம் விளையாடியதைக் கண்டார். கண்டும் காணாதவர் போல இருந்திருந்தால் பதவி நிலைத்திருக்கும். எதிர்த்துப் பேசி, பதவியை விட்டு நகரைவிட்டு வெளியேறினார். ஹம்பேர்க்கிலும் பின்னர் ஷ்வெரினிலும் ஒரு சிலரே கொண்ட மந்தைக்கு எளிய குருவைப் போலப் பணி செய்தார். மோதிரத்தையும் சிலுவையையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார். பழைய மேலங்கியும் இடைவிடாத உபவாசமுமாய் வாழ்ந்த உடல் சீக்கிரமே தளர்ந்தது. கடும் வயிற்று நோவில் வருந்தி, 1686 டிசெம்பர் 5ஆம் நாள் ஷ்வெரினில் உயிர் துறந்தார்.

பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ அவருடைய உடலைப் புளோரன்சுக்கு எடுப்பித்து, புனித லோரன்சோ ஆலயத்தில் அடக்கம் செய்வித்தார். இருநூறு ஆண்டுகள் அளவில் அவரைப் பெரும்பாலும் மறந்திருந்தது உலகம். 1881இல் பல நாடுகளின் புவிச்சரிதவியல் அறிஞர்கள் அவ்வாலயத்துக்கு வந்து அவர் நினைவாகக் கல் பதித்தனர். 1988 ஒக்டோபர் 23ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். அறிஞர் முந்தினர், ஆலயம் பிந்தியது.

பெற்றோரே, உங்கள் பிள்ளை கலையா விஞ்ஞானமா என்று வீட்டில் பேச்சு எழும் நாளில் இந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுத் தலையும் பாறையும் பழஞ்சுவடியும் அவருக்கு வெவ்வேறு உலகங்கள் அல்ல. ஒவ்வொன்றையும் அருகே சென்று பார்த்தார். கண்டதை மட்டும் சொன்னார். காணாததை அறியேன் என்றார். பிள்ளை கேட்கும் கேள்விக்கு உங்களுக்கு விடை தெரியாதபோது, தெரியாது, சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லத் தயங்காதீர்கள். பாரிஸ் மேதைகளின் முன்னே ஸ்தேனோ தொடங்கியதும் அவ்வாறே.