மேடையிலிருந்து திரைவரை: சி. இராஜரத்தினம்

நாம் பள்ளியில் நாள்தோறும் கூறும் தேசியப் பற்றுறுதியை எழுதியவர் யார் என்று கேட்டால், பலரும் சி. இராஜரத்தினம் என்று விடை கூறுவர். அவர் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால், நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி ஆகிய மூன்றின் வழியாகவும் மக்களிடம் பேசிய தலைவர் அவர் என்பதைச் சிலரே அறிவர்.

சின்னத்தம்பி இராஜரத்தினம் 1915ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் யாழ்ப்பாணத்தின் வட்டுக்கோட்டையில் பிறந்தார். கைக்குழந்தையாக மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டு, சிரம்பானில் வளர்ந்தார். பின்னர், சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் பயின்றார். சட்டம் படிக்க லண்டன் சென்றபோது இரண்டாம் உலகப்போர் மூண்டது. வீட்டிலிருந்து பணம் வருவது நின்றதால் படிப்பை முடிக்க இயலவில்லை. அவர் எழுதிப் பிழைக்கத் தொடங்கினார். எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் பிபிசி வானொலியில் பணியாற்றிய காலத்தில், இராஜரத்தினத்துக்கும் அங்கு எழுதும் வாய்ப்புக் கிடைத்தது. செவிக்காக எழுதும் கலையை அவர் அங்கே பழகிக்கொண்டார்.

போருக்குப் பின் நாடு திரும்பிய இராஜரத்தினம், நாளிதழ்களில் பணியாற்றினார். காலனி ஆட்சியைக் கண்டித்து அஞ்சாமல் எழுதினார். எனினும், அவருடைய கட்டுரைகள் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களை மட்டுமே எட்டின. அக்காலத்தில் தமிழர்கள் தமிழ் முரசையும், சீனர்களும் மலாய்க்காரர்களும் தத்தம் மொழி நாளிதழ்களையும் படித்தனர். ஒரே ஊரில் வாழ்ந்தும், ஒரு சமூகம் பேசிக்கொண்டது மற்றொரு சமூகத்தின் காதில் விழவில்லை. படிக்கத் தெரியாதவர்களும் பலர் இருந்தனர்.

அதனால் 1950களில் தலைவர்கள் மக்களை நேரில் தேடிச் சென்றனர். தேக்காவை அடுத்துள்ள ஃபேரர் பார்க் திடலில் பெரிய கூட்டங்கள் நடந்தன. டேவிட் மார்ஷல் எம்பிரஸ் பிளேசில் மரத்தடியில் நின்று மதிய வேளையில் பேசினார். ஒலிபெருக்கியின் சத்தம் எட்டும் தூரமே பேச்சின் எல்லையாக இருந்தது.

வானொலி அந்த எல்லையைக் கடந்தது. பல இனங்களைக் கொண்ட மக்கள் ஒரே தேசமாக வாழ முடியுமா? இக்கேள்வியை மையமாக வைத்து இராஜரத்தினம் ஒரு வானொலி நாடகம் எழுதினார். ஆறு பகுதிகளாக அமைந்த அந்நாடகம் 1957ஆம் ஆண்டு ஒலிபரப்பானது. அதில் மாறுபட்ட கருத்துடைய பாத்திரங்கள் ஒருவரோடு ஒருவர் வாதிட்டனர். மேடைப் பேச்சாளரைப்போல முடிவை மட்டும் சொல்லாமல், கேட்பவரையும் சிந்திக்க வைத்தார் அவர்.

1959ஆம் ஆண்டு அவர் கம்போங் கிளாம் தொகுதியில் வென்று கலாசார அமைச்சரானார். எல்லா இனத்தாரின் ஆடலும் பாடலும் ஒரே மேடையில் இடம்பெறும் திறந்தவெளிக் கலைநிகழ்ச்சிகளை அவரது அமைச்சு நடத்தியது. 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் விக்டோரியா நினைவு மண்டபத்தில் அவர் சிங்கப்பூரின் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கிவைத்தார். அப்போது மிகச் சில வீடுகளிலேயே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. ஆகவே, சமூக நிலையங்களில் பெட்டிகள் வைக்கப்பட்டன. அண்டை வீட்டார் பலரும் அவற்றின் முன் ஒன்றுகூடினர்.

தொலைக்காட்சி குரலோடு முகத்தையும் கொண்டுவந்தது. 1965ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்ததைப் பற்றிப் பேசும்போது பிரதமர் லீ குவான் இயூ கண்கலங்கியதை மக்கள் திரையில் கண்டனர். திடலில் தொலைவில் நின்றவருக்குப் புலப்படாத உணர்ச்சி, திரையின் வழியே அருகில் வந்தது.

ஆயினும், புதிய கருவிகளுக்கு ஒரு குறையும் இருந்தது. திடலில் மக்கள் கைதட்டலாம், எதிர்த்துக் குரல் எழுப்பலாம், கேள்வியும் கேட்கலாம். வானொலிப் பெட்டியிடமும் தொலைக்காட்சிப் பெட்டியிடமும் அவ்வாறு பேச முடியாது. அவ்விரண்டும் அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்ததால், மாற்றுக் கருத்துகளுக்குப் போதிய இடமில்லை என்ற குறைகூறலும் எழுந்தது.

1966ஆம் ஆண்டு, தனி நாடாகி ஓராண்டுகூட நிறைவடையாத நிலையில், இராஜரத்தினம் பற்றுறுதியின் வரைவை எழுதினார். லீ குவான் இயூ அதைச் செம்மைப்படுத்தினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் இனக் கலவரங்களால் உயிர்கள் பறிபோயிருந்தன. இன, மொழி, சமய வேறுபாடுகளைக் கடந்து ஒன்றுபடவேண்டும் என்பது அன்று வெறும் அலங்காரச் சொல் அன்று. நாடு நிலைப்பதற்கான தேவை. அச்செய்தி மாணவர்களின் குரலில் பரவியது. மற்ற ஊடகங்களில் மக்கள் கேட்டனர் அல்லது பார்த்தனர். பற்றுறுதியில் மக்களே பேசினர்.

இராஜரத்தினம் 2006ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் காலமானார். இன்று தலைவர்கள் சமூக ஊடகங்களில் நேரலையாகப் பேசுகின்றனர். மக்களும் அந்நொடியே கருத்துரைக்கின்றனர். திடலில் இருந்த பதில் பேசும் வாய்ப்பு, கைப்பேசியில் திரும்பி வந்துள்ளது. ஆனால், ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததை மட்டுமே பார்க்கும்போது, அன்று நாளிதழ்கள் மொழியால் பிரித்ததுபோல் நாம் மீண்டும் பிரிந்துவிடக்கூடும். இராஜரத்தினம் தம் வானொலி நாடகத்தில் எழுப்பிய கேள்விக்கு, ஒவ்வொரு தலைமுறையும் தன் கையிலுள்ள கருவியைக் கொண்டு விடை கூற வேண்டியிருக்கிறது.