வீட்டுத் தரையில் ஒரு போர்க்களம்

போரை நடத்திப் புகழ் பெற்றோர் உண்டு. போரைப் பாடிப் புகழ் பெற்றோரும் உண்டு. ஆனால் போரைப் பிடித்து இழுத்து வந்து, வீட்டுத் தரையில் பொம்மைகளாக நிறுத்தி வைத்தவர் ஒருவர் இருந்தார். அவரே ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். கால எந்திரத்தையும் கண்ணுக்குப் புலப்படாத மனிதனையும் படைத்தவர் என்று அவரை நாம் அறிவோம். டாங்கி என்னும் போர் எந்திரத்தை முன்கூட்டியே கற்பனையில் கண்டவரும், இன்று பலநாட்டு இளைஞர்கள் மேசைமேல் மணல்வெளி அமைத்து ஆடும் பொம்மைப் போருக்கு வழிகாட்டியவரும் அவரே என்பதை நம்மில் பலர் அறியார். அந்த வாழ்க்கையைச் சற்றே காண்போம்.

இளமை

இங்கிலாந்தில், கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்த பிராம்லியில் 1866 செப்டம்பர் 21ஆம் நாள் வெல்ஸ் பிறந்தார். தந்தை பீங்கான் சாமான்களும் விளையாட்டுப் பொருள்களும் விற்கும் சிறு கடை வைத்திருந்தார். கிரிக்கெட் ஆடியும் பொருள் ஈட்டினார். கடையில் வருவாய் இல்லை. தாய் ஒரு பெரிய மாளிகையில் பணிபுரியச் சென்று குடும்பத்தைத் தாங்கினார்.

7 வயதில் வெல்சுக்குக் கால் எலும்பு முறிந்தது. படுக்கையில் கிடந்த சிறுவனுக்குத் தந்தை நூலகத்திலிருந்து புத்தகங்கள் கொண்டுவந்து கொடுத்தார். பிற சிறுவர்கள் ஓடி ஆடிய நாள்களில் இவர் உலகத்தையே படித்தார். பின்னர் ஊரைச் சுற்றியுள்ள மேடு பள்ளங்களில் நடக்கும்போதெல்லாம், இந்த மேட்டில் பீரங்கி, அந்தத் தோப்பில் குதிரைப்படை என்று மனத்திற்குள்ளேயே படைகளை நிறுத்திப் போரிட்டார். நிலத்தைப் படைத்தலைவன் கண்ணால் பார்க்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

வறுமை அவரைத் துணிக்கடைக்கு அனுப்பியது. அந்த வேலையை வெறுத்து 1883இல் விலகிப் பள்ளியொன்றில் மாணவ ஆசிரியரானார். 1884இல் உதவித்தொகை பெற்று இலண்டனில் அறிவியல் பயின்றார்; புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லியிடம் பாடம் கேட்டார். இடையில் தேர்வில் தோல்வியும் கண்டார். எனினும் சோர்ந்துவிடாமல் 1890இல் பட்டம் பெற்றார். தேர்வில் தவறியதால் வாழ்க்கையே தவறிவிட்டது என்று எண்ணும் நண்பர்கள் இதனை நினைவில் கொள்ளலாம்.

கற்பனையில் பிறந்த டாங்கி

1895இல் கால எந்திரக் கதை வெளிவந்து அவரை உலகறியச் செய்தது. 1903 டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' இதழில் 'நிலத்துக் கவசக் கப்பல்கள்' என்னும் பொருளுடைய தலைப்பில் ஒரு சிறுகதை எழுதினார். இரும்புக் கவசம் பூண்ட மாபெரும் எந்திரங்கள் பதுங்குகுழிகளைத் தாண்டி ஊர்ந்து வருகின்றன. உள்ளே அமர்ந்த வீரர்கள் பாதுகாப்பாகச் சுடுகின்றனர். பழைய முறைப் படை சிதறுகின்றது. இதுவே கதை.

13 ஆண்டுகள் கழிந்தன. 1916 செப்டம்பர் 15ஆம் நாள், பிரான்சு நாட்டின் சோம் போர்க்களத்தில் உண்மை டாங்கிகள் முதன்முதலாக ஊர்ந்தன. அவற்றை உருவாக்கியபோது இரகசியம் காப்பதற்காகத் தண்ணீர்த் தொட்டி என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். அந்தப் பெயரே நிலைத்தது. டாங்கிகளை உருவாக்கத் துணைநின்ற சர்ச்சில், அக்கருத்து வெல்சின் கதையில் முன்பே இருந்ததைப் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

களம் அமைக்கும் கலை

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில்தான் அவரது விளையாட்டு பிறந்தது. சாண்ட்கேட் என்னும் கடலோர ஊரில் மனைவியோடும் இரு ஆண் மக்களோடும் அவர் வாழ்ந்துவந்தார். ஒருநாள் விருந்துண்ட பின், ஒரு நண்பரும் அவரும் அறையில் சிதறிக் கிடந்த பொம்மைப் பீரங்கியை எடுத்து, ஈயச் சிப்பாய்களைக் குறிபார்த்து வீழ்த்தத் தொடங்கினர். விருப்பு வளர்ந்தது, விதிகள் பிறந்தன. 1913இல் 'சிறு போர்கள்' என்னும் பொருளுடைய பெயரில் அது நூலாயிற்று.

அந்நூலில் களம் அமைப்பதற்குத் தனி இடம் உண்டு. முதலில் கலைக்களஞ்சியத் தொகுதிகளே குன்றுகளாகவும் வீடுகளாகவும் நின்றன. பின்னர்ப் பலகைகள் மேடுகளாயின. பலகைத் துளைகளில் செருகிய குச்சிகள் மரங்களாயின. சுண்ணக்கட்டியால் வரைந்த கோடுகள் ஆறுகளாயின. காலாட்படை ஒரு முறைக்கு 1 அடியும் குதிரைப்படை 2 அடியும் நகரலாம்.

இவற்றினும் சிறந்த விதி ஒன்று உண்டு. ஒருவர் களத்தை அமைக்க வேண்டும். எந்தப் பக்கம் நின்று போரிடுவது என்பதை மற்றவரே தேர்ந்தெடுக்க வேண்டும். நம் வீடுகளில் தின்பண்டத்தைப் பிரிப்பவன் ஒருவன், முதலில் எடுப்பவன் மற்றவன் என்று பாட்டிமார் செய்யும் ஏற்பாட்டைப் போன்றது இது. எதிரிக்குப் பள்ளமும் தனக்கு மேடும் வைத்துக்கொள்ள முடியாது. இரு பக்கத்துக்கும் நேர்மையான நிலத்தை அமைப்பவனே நல்ல ஆட்டக்காரன்.

போர் வந்தது

பொம்மைப் போர் ஆடிப் பார்ப்பவர்களுக்கு உண்மைப் போரின் அறிவீனம் விளங்கும் என்று நூலின் இறுதியில் அவர் எழுதினார். ஆனால் அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. 1914இல் அவருடைய மக்களுக்கு 13, 10 வயதுகள். இளமை அவர்களைக் காத்தது. 1913இல் 15 வயதில் அந்நூலைப் படித்து மகிழ்ந்த ஒரு பிள்ளைக்கோ 1916இல் 18 வயது. கட்டாயப் படைச்சேவை அந்த வயதில் அவனை அழைத்தது. அவனுக்காக அங்கே யாரும் நேர்மையான களம் அமைத்து வைக்கவில்லை.

வெல்ஸ் குறையில்லாதவர் அல்லர். அந்தப் போரைப் போருக்கே முடிவுகட்டும் போர் என்று நம்பி ஆதரித்து எழுதினார். நம்பிக்கை பொய்த்தது. ஆயினும் அதற்காக அவர் வாய்மூடி இருக்கவில்லை. நாடுகள் கூடிப் பேசும் அவை வேண்டும், உலகத்துக்கு ஒரே வரலாறு வேண்டும், மனித உரிமைகளை எழுதிவைக்க வேண்டும் என்று இறுதிவரை எழுதினார்.

பாலைவன மேசை

இரண்டாம் உலகப்போரில் அவர் கண்ட கனவு எந்திரங்கள் வட ஆப்பிரிக்க மணல்வெளியில் மோதின. 1942 அக்டோபர் 23 முதல் எகிப்தின் எல் அலமைனில் பெரும்போர் நடந்தது. முதியவர் வெல்சோ குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டனை விட்டு நீங்காமல் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தப் பாலைவனப் போரை இன்றைய ஆட்டக்காரர்கள் மேசைமேல் அமைக்கும் முறையில் வெல்சின் கையைக் காணலாம். 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள பலகையில் பசை பூசி மணல் தூவுகின்றனர். அடர்பழுப்பு வண்ணம் தீட்டி, மேடான இடங்களில் வெளிர் நிறம் ஒற்றுகின்றனர். பாலைவனம் வெறும் மணல் அன்று. கல்லும் சரளையும் நிறைந்தது. ஆகவே சிறு கற்களையும் பதிக்கின்றனர். தெர்மாகோலை அறுத்துத் தாழ்ந்த மேடுகள் செய்கின்றனர். பொம்மை வழுக்காதபடி சரிவை மெல்லத் தேய்க்கின்றனர்.

அந்த மேடுகளில்தான் உயிர் இருக்கிறது. மேட்டின் பின் நிற்கும் டாங்கியின் உடல் மறையும். பீரங்கி ஏந்திய கோபுரம் மட்டும் தலைகாட்டும். மேடே இல்லாத மேசையில் முதலில் சுடுபவனே வெல்வான்; ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். அளவும் ஒரு சிக்கலாகும். 72இல் 1 பங்கு அளவுள்ள பொம்மைக்கு 6 அடி மேசை உண்மையில் ஏறக்குறைய 130 மீட்டர் நிலமே. உண்மை டாங்கிகளோ அதைவிட மிகத் தொலைவிலிருந்து சுட்டன. இதனால் இன்னும் சிறிய பொம்மைகளை நாடுவோரும் உண்டு.

முடிவு

1946 ஆகஸ்டு 13ஆம் நாள் வெல்ஸ் இலண்டனில் மறைந்தார். பொம்மைச் சிப்பாய் விழுந்தால் மாலையில் எடுத்துப் பெட்டியில் வைக்கலாம். மறுநாள் அவன் எழுந்து நிற்பான். எல் அலமைன் கல்லறைகளில் உறங்குவோர் எழமாட்டார்கள். இந்த வேறுபாட்டை உலகம் உணரவேண்டும் என்பதற்காகவே அவர் தரையில் மண்டியிட்டு விளையாடினார்.

மாணவ நண்பர்களே! நாளை நம்மில் பலர் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் பிறருக்குக் களம் அமைக்கும் இடத்தில் அமரப்போகிறோம். அப்போது வெல்சின் விதியை நினைப்போம். எந்தப் பக்கம் நமக்குக் கிடைத்தாலும் ஏற்கத்தக்க களத்தை அமைப்போம். அதுவே நேர்மை.