உயிர் காக்கத் துணிந்த உள்ளம்

வெறிநாய் கடித்துவிட்டால் இன்று நாம் உடனே மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்கிறோம். இந்த வழியை உலகுக்குத் திறந்து வைத்த பெருமகனார் லூயி பாஸ்டர்.

இவர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் பிரான்சு நாட்டிலுள்ள டோல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழில் செய்தவர். எளிய குடும்பத்தில் பிறந்த பாஸ்டர், கல்வியில் ஊக்கம் கொண்டு வேதியியல் அறிஞராக உயர்ந்தார். அவரது இல்லத்தில் துயரம் பலமுறை புகுந்தது. ஐந்து மக்களுள் மூன்று பெண்மக்களைச் சிறு வயதிலேயே இழந்தார். 1868-இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. ஆயினும் ஆராய்ச்சியை அவர் கைவிடவில்லை.

1885 ஜூலை 6-ஆம் நாள், அல்சேஸ் பகுதியிலிருந்து ஒரு தாய் தம் ஒன்பது வயது மகன் ஜோசப் மெய்ஸ்டருடன் பாரிசு நகருக்கு வந்து பாஸ்டரின் உதவியை நாடினார். இரண்டு நாட்களுக்கு முன் வெறிநாய் ஒன்று அச்சிறுவனை 14 இடங்களில் கடித்திருந்தது. வெறிநோய் கண்டுவிட்டால் மரணம் உறுதி.

நோய் கண்ட முயல்களின் தண்டுவடத்தை உலர்த்தி, வீரியம் குறைத்து, பாஸ்டர் ஒரு தடுப்பு மருந்து தயாரித்திருந்தார். நாய்களிடம் அது பலன் தந்தது. ஆனால் மனிதருக்குப் பலன் தருமா? வெறிநாய் கடித்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஒருவேளை தாமாகவே பிழைக்கக்கூடிய பிள்ளை இந்த மருந்தால் இறந்துவிட்டால்? மேலும் பாஸ்டர் மருத்துவரல்லர்; ஊசி போடும் உரிமையும் அவருக்கு இல்லை. சும்மா இருந்தால் அவர்மேல் பழி வராது. ஆனால் சிறுவனின் கதி என்னவாகும்?

மருத்துவர்கள் வுல்பியான், கிராஞ்சே இருவரையும் கலந்து ஆலோசித்தார், துணிந்தார். கிராஞ்சே ஊசி போட்டார். பத்து நாட்களில் 13 ஊசிகள். ஒவ்வொரு நாளும் மருந்தின் வீரியம் கூடியது. பாஸ்டர் உறக்கமின்றித் தவித்தார். சிறுவன் பிழைத்தான்!

அதே ஆண்டு நவம்பரில் லூயிஸ் பெல்லத்தியே என்னும் பத்து வயதுச் சிறுமியைக் கொண்டுவந்தனர். நாய் கடித்து 37 நாட்கள் கடந்திருந்தன. காலம் கடந்துவிட்டது என்பதைப் பாஸ்டர் அறிவார். அவள் இறந்தால் தம் மருந்துக்கே அவப்பெயர் வரும் என்பதையும் அறிவார். எனினும் பெற்றோரின் கண்ணீரைக் கண்டு மறுக்க மனம் வரவில்லை. சிறுமி இறந்தாள். பாஸ்டர் ஏச்சுக்கும் பேச்சுக்கும் ஆளானார்.

1888-இல் பாரிசில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. 1895 செப்டம்பர் 28-ஆம் நாள் பாஸ்டர் மறைந்தார். அவர் காப்பாற்றிய ஜோசப், வளர்ந்தபின் அந்நிலையத்தின் காவலராகவே பணியாற்றினார். நமது குன்னூரிலும் 1907-இல் பாஸ்டர் பெயரால் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது.

ஜோசப் பிழைத்ததால் பாஸ்டருக்குப் புகழ் வந்தது. ஆனால் அவரது உள்ளத்தின் உயர்வை நமக்குக் காட்டுபவள், பிழைக்காமற்போன அச்சிறுமியே. பிறர் உயிர் நம் கையில் வந்து சேரும்போது, நமக்கு வரும் புகழையும் பழியையும் எண்ணாமல், அவர்களின் நலம் ஒன்றையே எண்ணி முடிவெடுக்க நாமும் கற்றுக்கொள்வோமாக!