சதுப்பு நிலம் கடந்த சைதன்யர்

திருத்தல யாத்திரையின் பயனைப் பேசுவோர் பலர். அத்தலங்களை அடைய முன்னோர் உற்ற இன்னல்களை நினைப்போர் சிலரே. வங்கத்திலிருந்து பூரி ஜகந்நாதம் செல்லும் பழைய வழிக்கு ஸ்ரீ கிருஷ்ண சைதன்ய மகாப்பிரபுவின் சரிதமே சான்றாக நிற்கிறது.

நவத்வீபத்தில் 1486-ஆம் ஆண்டு தோன்றிய அப்பெருமான், 1510-இல் கட்வா என்னும் ஊரில் கேசவ பாரதியிடம் துறவு பூண்டார். அன்னை சசிதேவியாரின் விருப்பத்தை ஏற்றுப் பூரியில் வாழத் துணிந்து, சாந்திபுரத்தினின்று கங்கைக் கரையோடு தெற்கே நடந்தார்.

கங்கை பல கிளைகளாய்ப் பிரிந்து கடலை நாடும் சத்திரபோகத்தை அடைந்தபோது வழி அரிதாயிற்று. எங்கணும் சேறும் உப்பங்கழியும் அடர்ந்த காடும். வங்கத்து சுல்தானுக்கும் கலிங்க வேந்தனுக்கும் பகைமை மூண்டிருந்தமையால் எல்லையைக் கடப்போர் உயிர்க்கு உறுதியில்லை. அப்பகுதியின் தலைவராகிய இராமசந்திர கான் இரவில் ஓடம் அமர்த்தித் தந்தார். கரையில் புலி, நீரில் முதலை, இடையே கொள்ளையர் என்று அஞ்சிய ஓடக்காரன் நாம சங்கீர்த்தனத்தை நிறுத்துமாறு வேண்டினான். பெருமானோ பாடுவதை நிறுத்தவில்லை.

கலிங்கக் கரை ஏறிய பின்னும் சுவர்ணரேகை, வைதரணி, மகாநதி எனப் பேராறுகள் குறுக்கிட்டன. சுங்கத்துறையில் காவலன் அவரை மட்டும் விடுத்து அன்பர்களைத் தடுத்தான் என்றும், அவர் கண்ணீர் பெருக்கியதைக் கண்டு அனைவரையும் விடுத்தான் என்றும் சைதன்ய பாகவதம் கூறும்.

பின்னர்த் தென்னாடு போந்த அவர், மழைக்காலத்து நான்கு திங்களைத் திருவரங்கத்தில் வேங்கட பட்டர் இல்லத்தில் கழித்தார்.

அவர் பூரிக்கு மீண்டபின், வங்கத்து அடியார்கள் ஆண்டுதோறும் ரதயாத்திரைக்கு அதே தாழ்நிலங்களைக் கடந்து வந்தனர். தேர்விழாவோ மழை தொடங்கும் காலத்தது. ஆறுகள் பெருகுமுன் கடத்தல் வேண்டும். பெண்டிரும் சிறுவரும் உடன்வந்த அக்கூட்டத்தார்க்குச் சுங்கமும் ஓடக்கூலியும் தங்கும் இடமும் கவனித்தவர் சிவானந்த சேனர் என்னும் இல்லறத்தார். உடன்தொடர்ந்த நாயொன்றை ஏற்ற ஓடக்காரன் மறுத்தபோது, அதற்கும் சோழிகளை எண்ணிக் கொடுத்துக் கரையேற்றினார் அவ்வன்பர்.

1533-இல் மகாப்பிரபு பூரியில் மறைந்தார். கொல்கத்தாவிலிருந்து பூரிக்கு இன்று ஓரிரவு இரயில் பயணமே. எனினும் உடன்வருவோரைக் கைவிடாது கரைசேர்த்தலும் வழிபாட்டின் ஒரு கூறே என்று அவ்வழி நமக்கு உணர்த்துகிறது. திருக்கோயிலை நாடி வருவோர்க்கு நீரும் நிழலும் உணவும் அளிப்போர் சிவானந்தர் செய்த பணியையே செய்கின்றனர். அப்பணி தழைத்தோங்குக!